பட்டாசை மட்டும் திட்டுகிறவர்களுக்கு

புரட்டாசி முடிவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடுகிறது. ஒரு தரப்பு 'பசுமைத் தீபாவளி' என்று தலைப்புக் கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறது. இன்னொரு தரப்பு 'எங்க பண்டிகைன்னா மட்டும் உங்களுக்குச் சுற்றுச்சூழல் ஞாபகம் வருமா?' என்று வாட்ஸப்பில் கொதிக்கிறது. வருடம் தவறாமல், ஏறத்தாழ அதே வாக்கியங்களோடு வருகிறார்கள். பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் இரண்டு தரப்பையும் காணோம். தை பிறப்பதற்கு முந்தின நாள் போகிக்கு மட்டும் ஒரு சின்ன மறுஒளிபரப்பு உண்டு.

எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் இருக்கிறது. முதல் தரப்பின் மீது கொஞ்சம் அதிகமாகவே. இரண்டாம் தரப்பு தன் ஆசையைப் பண்பாடு என்று பெயர் மாற்றிச் சொல்கிறது, அவ்வளவுதான். முதல் தரப்போ, மொத்தக் குற்றத்தையும் பத்து ரூபாய் சாட்டை வாங்கிக் கொளுத்துகிற பையனின் தலையில் இறக்கிவிட்டு, தான் நாலு கட்டைப்பைகளோடு ஜவுளிக்கடையை விட்டு வெளியே வருகிறது. பேச வேண்டியது பட்டாசைப் பற்றி மட்டுமல்ல. தீபாவளி என்பது எப்போது 'செய்கிற' காரியமாக இருந்து 'வாங்குகிற' காரியமாக மாறியது, அந்த மாற்றத்தின் குப்பை எங்கே போய் விழுகிறது என்பதைப் பற்றி.

நான் தீபாவளி கொண்டாடுகிறவன். விடியலுக்கு முன் எண்ணெய்க் குளியல், இஞ்சி லேகியம், சுடச்சுட இட்லி, எல்லாம் எங்கள் வீட்டில் உண்டு. ஆகவே 'நீ யார் இதைப் பேச' என்ற கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

பட்டாசை முதலில் முடித்துவிடலாம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளி அன்று இரவு எட்டிலிருந்து பத்து வரை மட்டுமே வெடிக்கலாம் என்றது. சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை. தமிழ்நாட்டில் தீபாவளி விடியற்காலைப் பண்டிகை என்பது டெல்லிக்குத் தெரியாது, தமிழக அரசு மறுபடி போய் முறையிட்டது. நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு மணி நேரம்தான் என்றது நீதிமன்றம். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. அதை எத்தனை தெரு கடைப்பிடிக்கிறது என்று உங்கள் காதே சொல்லும். 'பசுமைப் பட்டாசு' என்று ஒன்று வந்தது. நாக்பூரில் இருக்கிற நீரி ஆய்வகம் உருவாக்கியது. வழக்கமான பட்டாசைவிடச் சுமார் 30 சதவீதம் நுண்துகள் குறைவு என்கிறார்கள். நல்லது. ஆனால் மீதி 70 சதவீதத்துக்கும் 'பசுமை' என்றே பெயர் வைத்திருக்கிறோம். நம்முடைய மொழிப்பற்று அப்படி.

சத்தத்தைத்தான் நாம் மாசு என்று நினைக்கிறோம். புனேயில் உள்ள செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016இல் வெளியிட்ட அளவீட்டில், சிறுவர்கள் கொளுத்துகிற வாணங்களில் மிக அதிகமாக நுண்துகள் கக்கியது பாம்பு மாத்திரை. ஆபத்தில்லை என்று சின்னக் குழந்தைகள் கையில் நாம் கொடுக்கிற அதே கறுப்பு மாத்திரை. குனிந்து, முகத்தை அதன் அருகே வைத்துக்கொண்டு, பாம்பு எழும்புவதைப் பார்க்கிற பிள்ளை. இதையெல்லாம் மறுப்பதற்கு எதுவுமில்லை. தீபாவளிக்கு மறுநாள் சென்னை மாநகராட்சி பட்டாசுக் குப்பையைத் தனியாகப் பிரித்து, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது. வருடத்துக்கு நூறு டன்னைத் தாண்டும். வீட்டு வாசலில் கிடக்கிற அழகான சிவப்புக் காகிதம்தான், அரசாங்கப் பட்டியலில் அபாயக் கழிவு.

சட்டத்துக்கும் போட்டிக்கும் அப்பால் இதற்கு ஒரு வழி இருந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி என்று இரண்டு ஊர்கள். அங்கே கண்மாய் மரங்களில் ஐப்பசி மழைக்கு நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து கூடு கட்டும். 1977இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் இல்லை. வனத்துறை தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்புக் கொடுத்து நன்றி சொல்கிறது. ஈரோடு பக்கம் வெள்ளோட்டிலும், நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்திலும் இதே கதைதான்.

நான் அந்தப் பக்கத்து ஆள். சின்ன வயதில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் 'பிள்ளைங்க அழுவாங்களே மாமா' என்று கேட்டிருக்கிறேன். 'புள்ளத்தாச்சி வீட்டு வாசல்ல வேட்டு போடுவியாடா?' என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் விளக்கவில்லை. பறவை எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும், ஆனால் அதைக் காரணமாக முன்னால் வைத்ததில்லை. நாரை அவர்களுக்கு வெளியூர் போய்த் திரும்புகிற சொந்தம். உலகத்தைக் காப்பாற்றுங்கள் என்று யாராவது சுவரொட்டி ஒட்டியிருந்தால் அந்த ஊரில் ஒரு லட்சுமி வெடியாவது கட்டாயம் வெடித்திருக்கும்.

பட்டாசு இதோடு போதும். இனி யாரும் பேசாத துணிக்கு வருகிறேன்.

என் அப்பா தையல்காரர். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து எழுந்தாரென்றால் தீபாவளி விடிகிறவரைக்கும் அவருக்கு முதுகு நிமிராது. காஜா எடுக்க இரண்டு பையன்கள் கூடுதலாக வருவார்கள். பத்து நாளைக்கு முன்பே 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்று சிலேட்டில் எழுதி மாட்டிவிடுவார். அதற்குப் பிறகும் ஒரு அம்மா ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்து நிற்பாள், 'அண்ணே, சின்னவனுக்கு மட்டும்' என்று. அதையும் வாங்கி வைப்பார். அவர் தைத்த பிள்ளைச் சட்டைகளிலும் கால்சட்டைகளிலும் ஒரு ரகசியம் உண்டு. உள்மடிப்பு. கையிலும் காலிலும் இடுப்பிலும் இரண்டு விரற்கடை துணியை உள்ளே மடித்துத் தைத்திருப்பார். 'வளர்ற புள்ள' என்பார். அடுத்த வருடம் அதே அம்மா வந்தால் மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். ஒரே தானில் வாங்கிய துணியில் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் சட்டை. அண்ணன் சட்டை தம்பிக்கு, தம்பிக்குப் பிறகு அது கரித்துணி. கடையில் விழுகிற வெட்டுத்துணி மூட்டையாகக் கட்டப்பட்டு யார் வீட்டுத் தலையணைக்குள்ளோ போய்விடும். எங்கள் கடையிலிருந்து குப்பை என்று எதுவும் வெளியே போனதாக எனக்கு ஞாபகமில்லை, உடைந்த ஊசியைத் தவிர.

'அது வறுமை, அதுக்குப் போயி பெருமையா?' என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. அந்த வாழ்க்கை இனிமையானது என்று நான் சொல்லவில்லை, அப்பாவின் முதுகைக் கேட்டால் வேறு கதை சொல்லும். நான் சொல்வது உள்மடிப்பைப் பற்றி. இன்றைக்கு ரெடிமேட் சட்டையைத் திருப்பிப் பாருங்கள், உள்ளே இறக்குவதற்கு ஒரு விரற்கடை கிடைக்காது. துணியை மிச்சம் பிடிக்கிற கணக்கு அது. அதற்குள்ளே இன்னொரு கணக்கும் இருக்கிறது: பிள்ளை வளர்ந்தால் நீ மறுபடி வா. ஒரு சட்டை மூன்று பிள்ளைகளைப் பார்த்த காலம் போய், ஒரு பிள்ளை ஒரு தீபாவளிக்கு மூன்று சட்டை பார்க்கிறது. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, ஆபீஸ் 'எத்னிக் டே'க்கு அப்பாவோடு பொருந்துகிற மாதிரி ஒன்று. ஆடித் தள்ளுபடியில் வாங்கியது தனிக் கணக்கு.

ஒரு பருத்தி டீ-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்று உலக அளவில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்த எண் எனக்குப் பெரிதாக எதையும் காட்டுவதில்லை, எண்கள் அப்படித்தான். நொய்யல் காட்டும். திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டி 1992இல் திறந்தார்கள். சில வருடங்களில் அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. உலகத்தில் எந்த விவசாயியும் அணையைத் திற என்றுதான் போராடுவான். நொய்யல் விவசாயி 'திறக்காதே' என்று போராடினான். வழக்கு நடந்து நடந்து, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவுநீர் துளியும் வெளியேறாத முறைக்கு மாறியவை மட்டும் திறந்தன. நிறைய மாறியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மண்ணுக்கும் கிணற்றுக்கும் இறங்கிய உப்பு நீதிமன்ற உத்தரவைப் படித்துவிட்டு எழுந்து போய்விடாது.

பட்டாசு வெடித்தால் புகை கண்ணில் படுகிறது, இருமல் வருகிறது, உடனே கோபம் வருகிறது. சட்டையின் புகை நம் தெருவில் எழுவதில்லை. அதனால்தான் சட்டையைப் பற்றி ஓவியப் போட்டி கிடையாது.

அந்தச் சட்டையை எடுத்துக் காட்டுகிற பெண்ணையும் பார்க்க வேண்டும். தி.நகரிலும் மற்ற ஊர்ப் பெரிய கடைகளிலும் தீபாவளி மாதத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பார்கள். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்து, பார்த்து அழுதோம். அழுதுவிட்டு அந்த வருடத் தீபாவளிக்கும் அங்கேயேதான் போனோம். கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021 செப்டம்பரில். உட்காருவதற்கு ஒரு சட்டம்! எங்கள் அப்பா கடையில் காஜா எடுத்த பையன் தரையிலாவது உட்கார்ந்திருந்தான்.

பலகாரத்துக்கு வருவோம். முறுக்கும் அதிரசமும் வீட்டில் சுட்ட காலத்தில் அது தெருவுக்கே சுட்டதுதான். எவர்சில்வர் தட்டில் வைத்து, மேலே ஒரு துணி போட்டு மூடி, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். தெரு முழுக்க அலைந்துவிட்டுத் தட்டு வீட்டுக்கு வந்துவிடும், அதன் அடியில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். இன்று அட்டைப்பெட்டி, உள்ளே பிளாஸ்டிக் தட்டு, தட்டில் ஒவ்வொரு இனிப்புக்கும் ஒரு காகிதக் கிண்ணம், மேலே பளபளக்கிற உறை, அதற்கும் மேலே ரிப்பன். நாலு பர்ஃபிக்கு ஐந்து அடுக்குச் சட்டை. உலர்பழப் பெட்டியின் நிலைமை இன்னும் மோசம். அலுவலகத்தில் மேலாளர் கொடுத்ததை மாமனாருக்கு, மாமனார் டாக்டருக்கு, டாக்டர் ஆடிட்டருக்கு. யாரும் பிரிக்காமலே ஊரைச் சுற்றுகிறது. ஒரு வருடம் எனக்கு வந்த பெட்டியின் அடியில் வேறு ஒருவருக்கு எழுதிய வாழ்த்து அட்டை இருந்தது.

இதற்கு மாற்று என்று சந்தை தானே ஒன்றை நீட்டுகிறது. பசுமைப் பரிசுப் பெட்டி. மூங்கில் பல்துலக்கி, விதைக்காகிதத்தில் வாழ்த்து, சணல் பை, மண் அகல் ஆறு. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் மண் அகல் உடையாமலிருக்க நாலு சுற்றுக் குமிழி பிளாஸ்டிக்கில் வருகிறது. நம்முடைய தெருமுனையில் தள்ளுவண்டியில் அகல் விற்கிறவர் காகிதத்தில் சுற்றித் தருகிறார், அதுவும் பேரம் பேசினால்தான் தருவேன் என்பதுபோல நாம் பேரம் பேசிய பிறகு. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டிலும் இப்போது பத்துப் பதினைந்து துணிப்பைகள் தொங்குகின்றன, ஒவ்வொரு கல்யாணமும் ஒவ்வொரு கடையும் கொடுத்தவை. மஞ்சப்பையின் மகிமை அது துணி என்பதில் மட்டும் இல்லை. வீட்டுக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தது என்பதில் இருக்கிறது.

போகியும் இதே விஷயம்தான். பழையன கழிதல் என்று கொளுத்தினார்கள். கொளுத்தியது என்ன? கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், உடைந்த முறம். எல்லாம் மண்ணில் முளைத்தவை, சாம்பலாகித் திரும்பவும் மண்ணுக்கே போகிறவை. சடங்கு அப்படியே இருக்கிறது, வீட்டில் இருக்கிற பொருள்தான் மாறிவிட்டது. நைலான் பாய், ரெக்சின் பை, டயர். 2018 போகியன்று மூடுபனியோடு புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் இறங்க முடியாமல் போயின. சடங்கின் அர்த்தமும் தலைகீழாகிவிட்டது. அன்று தேய்ந்து தீர்ந்ததைக் கழித்தார்கள். இன்று புதிது வாங்க இடம் வேண்டுமென்று கழிக்கிறோம். போகி, பொங்கல் ஆஃபருக்கு அலமாரி காலி செய்கிற நாள்.

'எல்லாரும் வாங்காம விட்டுட்டா சிவகாசி என்ன ஆகும்? திருப்பூர் என்ன ஆகும்? அந்தக் கடைப் பொண்ணு சோத்துக்கு என்ன பண்ணுவா?' இது வலுவான கேள்வி, இதைச் சிரித்துக் கடக்கிறவர்களை நான் நம்புவதில்லை. மழை பொய்த்த கரிசல் பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும்தான் சோறு போட்டன. ஆனால் அந்தச் சோற்றின் விலையும் நமக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அநேகமாக வருடம் தவறாமல் விபத்துச் செய்தி வருகிறது, அதுவும் பெரும்பாலும் பண்டிகை அவசரத்தில். 'அவங்க பிழைப்பு' என்று கண்ணீர் விடுகிறவர்கள் அந்தப் பாதுகாப்புக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தயாரா? எழுபது சதவீதத் தள்ளுபடி எங்கே கிடைக்கும் என்றுதான் தேடுகிறார்கள். தொழிலாளியின் பெயரைச் சொல்லி வாங்குகிறோம், வாங்கும்போது முதலில் குறைப்பது அவன் கூலியைத்தான்.

நான் செலவை நிறுத்தச் சொல்லவில்லை. இடம் மாற்றச் சொல்கிறேன். மூன்று சட்டைக்குப் பதில் ஒன்று வாங்குங்கள், அதைக் கோ-ஆப்டெக்ஸில் கைத்தறியாக வாங்குங்கள். அல்லது துணியாக எடுத்து ஒரு தையல்காரரிடம் கொடுங்கள், உள்மடிப்பு விடச் சொல்லுங்கள். இனிப்பை, பக்கத்துத் தெருவில் முறுக்குச் சுட்டு விற்கிற அம்மாவிடம் உங்கள் சொந்தத் தூக்கில் வாங்குங்கள். அதே பணம், அதிகக் கைகளுக்குப் போகும், குறைந்த குப்பை போடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது சுற்றுச்சூழல் பேசுகிற என் நண்பர்களுக்கு. இந்த உபதேசத்தைக் கீழ் நோக்கிச் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா வருடம் முழுக்க மாதம் முந்நூறு ரூபாய் தீபாவளிச் சீட்டுக் கட்டுகிறார். கடைசியில் அவருக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு சேலை, கொஞ்சம் பலகாரம், ஒரு பட்டாசுப் பெட்டி கிடைக்கிறது. ஒரு தடவை எங்கள் மாடியில் ஒருவர் அவரிடம் பட்டாசு எவ்வளவு கெடுதல் என்று பாடம் எடுத்தார். 'உங்க வீட்டுல தெனமும் பார்சல் வருது சார். எங்களுக்கு வருசத்துக்கு ஒரு நாளு' என்றார் அக்கா. அவர் சொன்னதில் கணக்கு பிசகில்லை. அவர் வீட்டு வருடக் குப்பையும் அந்த மாடி வீட்டின் ஒரு வாரக் குப்பையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று அந்தப் பார்சல் அட்டைகளைக் கீழே கொண்டுபோய்ப் போடுகிற அவருக்குத் தெரியாதா? குறைக்க வேண்டியவர்கள் குறைக்கிற அளவுக்கு வைத்திருப்பவர்கள். அவர்கள் முதலில் குறைக்கட்டும், பிறகு சாட்டை கொளுத்துகிற பையனிடம் போகலாம்.

இந்த வருடம் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் மூன்று யோசனை வைத்தேன். ஊழியர்களுக்கு இனிப்புப் பெட்டிக்குப் பதில் அந்தப் பணத்தையும் சேர்த்துப் போனஸாகக் கொடுப்பது. வீடுகளுக்குள் பரிசுப் பெட்டி பரிமாறுவதை நிறுத்துவது. தெருமுனைத் தையல்காரர், தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் கார் நிறுத்தத்தின் ஒரு மூலையில் மெஷின் போட்டு உட்கார்ந்து, பழைய துணியைத் திருத்திக் கொடுக்க இடம் தருவது. முதலாவது கைதட்டலோடு நிறைவேறியது. இரண்டாவதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, ஒருவர் மட்டும் 'அதெப்படி சார், குடுக்கிறவங்கள வேணாம்னா சொல்ல முடியும்?' என்றார். மூன்றாவதற்குச் செயலாளர், 'பார்க்கிங்ல இடம் இருக்கான்னு பாக்கணும்' என்றார். போன வருடம் அதே பார்க்கிங்கில் இரண்டு நாள் தீபாவளி மேளா நடந்தது. பன்னிரண்டு ஸ்டால்.